ரிலீவர் அக்கா வராத மதியம்

என் கண்ணு ரேவதி,

கோபத்தில்தான் எழுதுகிறேன். உன் நினைவு நாளுக்கு நல்ல வார்த்தையாக நாலு எழுதிக்கொடு என்று உன் அம்மா கேட்டார்கள். உட்கார்ந்தால் உன் ரிலீவர் அக்காவைத் திட்டத்தான் வாய் வருகிறது. முழுசாகக் கேள், அப்புறம் சொல், என் மேல் தப்பா என்று.

அவள் பிறந்த கதை தெரியாத புதுப் பெண்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகவும் சொல்கிறேன். ஒரகடத்தில் நம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனை விட்டு ஒரு நிமிஷம் நகர்வதென்றாலும் நம் இடத்தில் நிற்க ஒருத்தி வர வேண்டும். அவள்தான் ரிலீவர். கை தூக்க வேண்டும், சூப்பர்வைசர் கண்ணில் பட வேண்டும், அவன் மனசு வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பாத்ரூம். மொத்த லைனுக்கும் ஒரே ரிலீவர். வேறு லைனில் ஆள் குறைந்தால் அவளையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படி ஒரு நாள் உனக்கு மாதவிலக்கு. கை தூக்கித் தூக்கி ஓய்ந்து போனாய். "வர்றப்ப வருவா, வேலையைப் பாரு" என்றான் அந்த ஆள். அன்றைக்குச் சாயங்காலம் படப்பை ரூமில் உட்கார்ந்து, கையுறை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்தில் ரிலீவர் அக்காவை வரைந்தாய். நம்மைப் போலவே நீலத் தொப்பி, மாஸ்க், கோட்டு. கண் மட்டும்தான் வெளியே. யார் கை ஓய்ந்து இறங்குகிறதோ அங்கே வந்து நிற்பாள். "நீ போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்குறேன்" என்பாள். அப்புறம் சூப்பர்வைசர் பக்கம் திரும்புவாள். முதல் கதையிலேயே அவன் நெற்றியில் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டிக்குள் போட்டு, கன்டெய்னரில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

நீ அதை ஒட்டினாயே, அந்த இடத்துக்கே உனக்கு மாலை போட வேண்டும். பெண்கள் பாத்ரூம் கதவின் உள்பக்கம். எந்த சூப்பர்வைசர் அங்கே வருவான்? கதை படிப்பதற்காகவே கை தூக்கியவர்கள் உண்டு. "நம்மள்ல யாருடி அவ?" என்று கேட்டால் சிரிப்பாய். "எவளா வேணா இருக்கலாம்க்கா, மூஞ்சிதான் தெரியலையே." அந்தப் பதிலில்தான் எல்லோரும் விழுந்தோம். மாஸ்க்குக்குள் ஒவ்வொருத்தியும் தன்னைத்தான் அவள் என்று நினைத்துக்கொண்டாள், நான் உட்பட.

காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகும் அவள் போகவில்லை. யாரோ வரைகிறார்கள். உன் கோடு மாதிரி இல்லை, கையெல்லாம் கோணல், ஆனாலும் அவள்தான். உன்னைப் பார்த்தேயிராத பெண்கள் பஸ்ஸில் அவள் கதையைப் பேசிக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் வரைக்கும் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

மணிமங்கலத்துக் கஸ்தூரி எனக்கு எதிர் இடத்தில் நிற்கிறாள். ஏழு மாசக் கர்ப்பம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கை தூக்கினாள். ரிலீவர் இல்லை. இறக்கினாள், மறுபடி தூக்கினாள். "சார், முடியல சார்" என்றாள். "எனக்கும்தான் டார்கெட் முடியல" என்றான். கொஞ்ச நேரத்தில் அடக்க முடியாமல் போய், அவள் காலடியில் தரை நனைந்தது. அத்தனை பேரும் பார்த்தோம். பார்த்துவிட்டு அவரவர் கையிலிருந்த சர்க்யூட் போர்டின் மேல் குனிந்துகொண்டோம். லைன் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கதவில் புதுப் படம். ரிலீவர் அக்கா அந்த ஆளைத் தலைகீழாகப் பிடித்து அவன் முடியாலேயே தரை துடைக்கிறாள். கேன்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கஸ்தூரி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவ நேத்து இன்னாத்துக்குக்கா வரல? இத்தினி பேரு நின்னுகினுதானே இருந்தீங்க?"

 எரிகிறது ரேவதி எனக்கு. நாங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் ரிலீவர் அக்கா தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். படத்தில் உதை விழுந்ததும் எங்கள் கோபம் ஆறிவிடுகிறது. கதவுக்குள் தினம் தான் உதை வாங்குவதே அந்த ஆளுக்குத் தெரியாது. இதற்காகவா அவளை வரைந்தாய்?

நேற்றுக் கஸ்தூரி மறுபடி கை தூக்கினாள். நான் என் இடத்தை விட்டு நடந்துபோய் அவள் இடத்தில் நின்றேன். அவளைப் போகச் சொன்னேன். என் இடத்தில் போர்டு குவிந்து லைன் நின்றது. "எவ அவ?" என்று கத்திக்கொண்டு வந்தான். பின்னாலிருந்து யாரோ, "ரிலீவர் அக்கா சார்" என்றாள். லைனே சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா இருந்திருந்தால் அந்தச் சிரிப்போடு தப்பித்திருப்பேன்.

"இல்ல சார், நான் அமுதா" என்றேன். "கஸ்தூரி வர்ற வரிக்கும் இங்கதான் நிப்பேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது.

நாளைக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்களாம். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லப்போகிறேன். இன்னொரு ரிலீவர் போடுங்கள் என்று கேட்கப்போகிறேன். லைனில் யார் கூட வருவார்கள், தெரியவில்லை. கஸ்தூரி மட்டும் வருகிறாளாம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதே என்றால் கேட்கிறாளா?

உனக்கு ஒரே ஒரு வாக்கு தருகிறேன். வேலை போனாலும் போகட்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போவேன். அங்கேயும் ஒருத்தி கை தூக்கிக்கொண்டு நிற்பாள். அங்கேயும் நானே போய் நிற்பேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
அமுதா