கயிறு பிடிக்கும் கை

பனிமய மாதா துணை.

அன்பு மகன் அமலனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததால்தான் எழுதுகிறேன். அந்த நாட்டில் ஜெர்மன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நீயே ஒருநாள் சொன்னாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அதன்பின் உன் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. இப்போது சரிம்மா, சாப்பிட்டேம்மா, வைக்கட்டாம்மா. அவ்வளவுதான். அப்பா சாகுபுரம் ஆலை வேலையிலிருந்து சீக்கிரம் ஓய்வு பெறுகிறார், கால் வீக்கம் குறைந்திருக்கிறது. ஆத்தூர்ச் சித்தி மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. நல்ல செய்தி இதோடு முடிந்தது.

நான் எடுக்கும் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தில் சுவரோரப் பெஞ்சு எப்போதும் ஊமை. எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது உதடு அசையும், தனியாகக் கேட்டால் தலை கவிழும். எழுப்பி நிறுத்திப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு கயிறு வாங்கினேன். சங்கு குளிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே. கடலடியில் யாரும் பேச முடியாது. இடுப்புக் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் மேலே இருப்பவருக்குச் சேதி போகும், விடாமல் இழுத்தால் உடனே தூக்கு என்று பொருள். கயிற்றை அந்தப் பெஞ்சு நெடுக விட்டு முனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் ஒரு இழுப்பு போதும். நான் போய்க் குனிவேன், காதில் சொல்லலாம், சொன்னது யார் என்று வகுப்பில் சொல்லமாட்டேன், தப்பைத் திருத்தவும் மாட்டேன் என்றேன். கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது எனக்கு வராது, மௌனத்தை நானே பேசி நிரப்பிவிடுவேன். கயிறு கையில் இருந்தபோது காத்திருக்க முடிந்தது. பிறகு அது மெல்ல அசையத் தொடங்கியது.

அந்தப் பெஞ்சின் கடைசியில் ஜெமி. அவள் மட்டும் கயிற்றைத் தொட்டதில்லை. வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று கேட்ட அன்று கயிறு விடாமல் இழுபட்டது. என் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. ஏலே, தூக்குலே, ஜெமிக்கு மூச்சு முட்டுது என்று எவனோ கத்த, வகுப்பே சிரித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குனிந்தேன். மை ஃபாதர். ரோப். நோ மேன். அவ்வளவுதான். அவளிடமிருந்து நான் கேட்ட முதல் இங்கிலீஷ். மீதியை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவள் அப்பா பவுல் சங்கு குளிக்கிறவர். அவருக்குக் கயிறு பிடித்தது மச்சான் டெரன்ஸ். இந்தக் கரையில் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும், கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது கண் அசரமாட்டான் என்பார்கள். டெரன்ஸ் இப்போது துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். படகுக்காரர் நேசக்குமார் வேறு ஆள் போடவில்லை. இருக்கிற ஒருவன் இன்ஜினையும் காற்றனுப்பும் கம்ப்ரசரையும் பார்த்துக்கொள்கிறான். கயிற்றைப் படகுக் கட்டையில் கட்டிவிட்டுப் பவுல் இறங்குகிறார். கட்டைக்கு எந்த இழுப்பு தெரியும்.

கயிறு பிடிக்க ஆள் போடச் சொல்லி நேசக்குமாரிடம் போனேன். டீச்சர், நீங்க இங்கிலீசு சொல்லிக் குடுங்க, கடல நாங்க பாத்துக்கிடுதோம் என்றார், டீ வாங்கிக் கொடுத்து. பவுலுக்கோ மகள்மேல் கோபம். வீட்டுச் சங்கதிய பள்ளிக்கூடத்துல எதுக்குளா அவுத்துவிடுத என்று சத்தம் போட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து ஜெமி பழையபடி. பேச வைத்தாயே, கேட்டுவிட்டு என்ன செய்தாய் என்பதுபோல ஒரு பார்வை. என் போனை அவள் கையில் கொடுத்து, மாமாவிடம் நீயே சொல் என்றேன். வெகுநேரம் நின்றாள். நான் நிரப்பவில்லை. மாமா, அப்பா கயிறு கட்டையில கெடக்கு என்றாள். வாரேம்ளா மருமவளே, இந்த மாசம் முடியட்டும் என்றான் டெரன்ஸ். மாசம் முடியட்டும் என்று கடல் காத்திருக்குமா.

நடுவில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். ஊர் பயந்தது, ஜெமி நன்றாகத் தூங்கினாளாம். கூண்டு ஏறினால் படகு போகாது. எங்கள் இருவருக்கும் அது இறங்கினால்தான் பயம். இன்று காலை இறக்கிவிட்டார்கள். இப்போது பள்ளி விட்டாயிற்று, ஜெமி வீட்டுக்குப் போகாமல் வகுப்பிலேயே என்னோடு இருக்கிறாள். சங்குப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வருகின்றன. பவுலின் படகு இன்னும் தெரியவில்லை. வழக்கமான தாமதமாக இருக்கலாம். கடல் சாம்பல் நிறத்தில் அசைவில்லாமல் கிடக்கிறது, அதுவும் பிடிக்கவில்லை.

நீ அங்கே எந்த ஆழத்தில் இருக்கிறாய் என்று தெரியவில்லை. வகுப்பில் தப்பாகவே பேசு மகனே. ஜெமியின் வாக்கியத்தில் இலக்கணம் இல்லை, வேறெதுவும் குறையவில்லை. பக்கத்தில் உட்காருகிறவன் காதிலாவது சொல். என்னிடம் சொல்ல முடியாதது இருந்தால் சொல்லவும் வேண்டாம், விடாமல் மிஸ்டு கால் கொடு, எனக்கு விளங்கும். உன் அப்பாவும் நானும் எப்படியாவது வந்து சேருவோம். வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே, ஒருவேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு. மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். என் போனை இப்போதெல்லாம் நான் அணைப்பதில்லை, மறந்துவிடாதே.

எழுத்து கோணலாக இருக்கும், ஒரு கையால் எழுதுகிறேன், தாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜெமி ஜன்னலில் நின்று கடலைப் பார்க்கிறாள். கயிற்றின் ஒரு முனை அவள் விரலில், மறுமுனை என் இடது கையில். இன்னும் இழுக்கவில்லை.

உன் அம்மா
பிளாரன்ஸ்