முதல் ஓலையோடு நிறுத்தியாகிவிட்டது

சாந்தோம்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் கிளிஃபர்டுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகளும் அந்த டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்பாய், அதனால்தான் எழுதி, இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்ப அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். முழுசாகப் படி.

உன் தங்கை ஜொவிட்டாவுக்குப் பேசிய மாப்பிள்ளை செபஸ்தியான் முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்று என்ன செய்தான் என்று வீடியோவில் நீயும்தான் பார்த்தாய். காப்பியைக்கூடத் தொடாமல் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னான், மாதா பிரார்த்தனையைப் புத்தகம் பார்க்காமல் கடைசிவரை சொன்னான். நான் உருகிப்போனேன், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனப்பாடமாகச் சொல்கிறவனுக்கு மனசும் சுத்தமாக இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம், வேறு எதையும் விசாரிக்கவில்லை. போன ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஓலையில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று, பங்குச் சனமெல்லாம் வந்து கை கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை ஜொவிட்டாவும் அவனும் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனார்கள். வெளியே வரும்போது இவள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசியிருக்கிறாள். காரில் ஏறியதும் அந்தப் புண்ணியவான் இவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, "இன்னா, நான் பக்கத்துல நிக்கும்போதே பல்லக் காட்டிக்கினு நிக்கிற?" என்று கேட்டானாம். கதவு இடித்துவிட்டது என்றுதான் பிள்ளை வந்து சொன்னாள். ராத்திரி சோறு பிசைய முடியாமல் இடது கையில் ஸ்பூனைப் பிடித்தாள், அப்போதுதான் எனக்கு விளங்கியது, கேட்டதும் உடைந்து அழுதாள். அப்பா போன் போட்டுக் கேட்டதற்கு, கட்டிக்கப்போற பொண்ணக் கண்டிக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லியா அங்கிள் என்றான். மன்னிப்பு என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை.

மறுநாள் நேராகக் கோயிலுக்கே போய்ப் பங்குச் சாமியாரிடம் ஓலையை நிறுத்தச் சொன்னேன். இன்று இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. ஏன் ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, வலிக்கட்டும். ஆனால் நீ குடும்ப குரூப்பில் என்ன எழுதினாய்? கோபம் யாருக்குத்தான் வராது, பக்தியான பையன், ஜொவிட்டா கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம், ஓலை வாசிச்சப்புறம் நிறுத்தினா நமக்குத்தான் அசிங்கம். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எவனோ ஒருவனை ஒரு சாயங்காலம் பார்த்து ஏமாந்தேன், சரி. நான் பெற்று வளர்த்த உன்னிடமுமா ஏமாந்தேன்?

அவளும் அதைப் படித்துவிட்டாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அண்ணனும் அப்படித்தான் நெனைக்குதாம்மா என்று. அதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது.

கோபத்தில் இருந்தாலும் ஆசீரில் குறை வைக்க மாட்டேன், மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இன்றைக்கே தங்கைக்குப் போன் பண்ணு. அவள் எடுக்கும்வரை பண்ணு.

உன் அம்மா,
பியாட்ரிஸ்