பேசாத புது ரேடியோ

ஆவணி 20, வெள்ளி

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

என் பனியன் கம்பெனிக்கு பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் ரேடியோ வாங்கி ஐந்து நாள் ஆகிறது. பழையது கரகரவென்றாலும் பாடும். இது பாதிச் சொல்லிலேயே வாயை மூடிக்கொள்ளும். கடைக்காரரிடம் தினமும் சண்டை. "சிக்னல் நல்லாத்தானுங்க இருக்குது" என்கிறார். ஜன்னலில் வைத்தேன், தைக்க வெட்டிவைத்த பீஸ் கட்டுகளின் மேல் வைத்தேன். டீ நேரத்திலும் ஊமைதான்.

தையல் மிஷினில் இருக்கும் ரோசி காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் எழுதிய கடிதத்தை இன்று நாலு மணிக்கு நேயர் நிகழ்ச்சியில் வாசிக்கிறார்களாம்.

"அப்படி என்னங்கம்மிணி எழுதுனீங்க?"

"வாசிக்கும்போது கேளுங்களேன் அண்ணாச்சி."

நாலு மணி ஆனது. ரேடியோ வாயே திறக்கவில்லை. ரோசியின் முகம் வாடிவிட்டது. நாளைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். இருந்தும் மனசு கேட்கவில்லை. இரைச்சல் நின்றால் காதை வைத்தாவது கேட்கலாம் என்று மெயின் சுவிட்சை அணைத்தேன். டீ நேரத்தில்கூட நாங்கள் நிறுத்தாத மோட்டார்கள் எல்லாம் நின்றன.

நாலைந்து நொடியில் ரேடியோ கணீரென்று பேசியது. ரோசியின் கடிதமேதான்.

"எங்கள் முதலாளி ஆசையாக வாங்கிய டிஜிட்டல் ரேடியோ பேசவே மாட்டேன் என்கிறது. அவர் பாவம். ஒரு வழி சொல்லுங்கள்."

அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "மோட்டார் ஓடும் இடத்தில் அப்படித்தான் சகோதரி. மெயினை அணைத்துப் பாருங்கள். அதற்கு உங்கள் முதலாளி சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்."

கம்பெனியில் இருந்த முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. என் கை இன்னும் மெயின் மேலேயே இருந்தது.