ஒரே ஆளுக்கு இரண்டு நாற்காலி

அன்புள்ள அண்ணா,

உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கும்போது இது உன் கைக்கு வருமோ, தெரியவில்லை. அப்பாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் தொண்ணூற்றெட்டு. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

அம்மா மெல்லத் தேறிவருகிறாள். எங்களைக் கூப்பிடத் தட்டில் கரண்டியால் இரண்டு முறை தட்டுகிறாள். குரல் போகப்போகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று வாரம், வெளிச்சத்தம் பதியாமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பேசிப் பேசிப் பதிவு செய்தாளே, நினைவிருக்கிறதா? நம் சின்ன வயதுக் கதைகள், என் பாடங்கள், "எந்திரிடி, மணி ஏழாச்சு" என்பதுகூட. எல்லாம் நீ அமைத்துக் கொடுத்த சேமிப்புப் பெட்டியில்தான் இருந்தன.

அதில் மூன்று டிஸ்க். இரண்டு சின்னவை, ஒன்று அவற்றைப்போல் இருமடங்கு பெரியது. மூன்றிலும் பங்கு போட்டு எழுதும், ஒரு பங்கு போனாலும் மற்றவற்றை வைத்து மீட்டுவிடலாம் என்று நீ சொல்லிக்கொடுத்தாய். சின்னவற்றின் அளவுக்குத்தான் பெரியதிலும் எழுதும் என்பதால் அதில் பாதி சும்மா கிடந்தது. "கிடந்துட்டுப் போகட்டும், கை வைக்காத பொடிசு" என்றுவிட்டுப் போனாய்.

கை வைத்துவிட்டேன், அண்ணா. அப்பா தொழிலுக்காக எடுக்கும் கல்யாண வீடியோக்களால் பெட்டி நிரம்பிவிட்டது. புது டிஸ்க் கேட்டதற்கு, "இப்ப பணத்துக்கு எங்கம்மா போறது?" என்றார். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். பெரியதை இரண்டாகப் பிரித்தால் நான்கு சமபங்கு, துளி இடமும் வீணில்லை. கணினி ஆசிரியரிடம் ஒரு டிஸ்க் இரவல் வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றி, பெட்டியைப் புதிதாக அமைத்து, திரும்ப இறக்கினேன். திரையில் நான்கு பச்சைக் குறி! மறுநாளே ஆசிரியரின் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துத் திருப்பிக் கொடுத்தேன். "பொறுப்பான பொண்ணு" என்றார். இப்போது அதில் தேர்வுத் தாள்கள் நிரம்பியிருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை பெரிய டிஸ்க் செத்துப்போனது. அதோடு நான்கில் இரண்டு பங்கு ஒன்றாகப் போய்விட்டன; ஒன்று போனால்தான் மீட்க முடியும். பழுது பார்ப்பவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒரே ஆளுக்கு ரெண்டு நாற்காலி போட்டுட்டு, ரெண்டு பேர் இருக்காங்கன்னு எண்ணிட்டியே பாப்பா" என்று சிரித்தார். நான் அழுததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டு கடைகளில் காட்டினோம். உள்ளே தகடே கீறிப்போயிருக்கிறதாம். ஒன்றும் தேறாது என்கிறார்கள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலமானால் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, "பெட்டி வந்தாச்சா?" என்று நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். "நாளைக்கும்மா" என்கிறேன். ஐந்து நாளாக அதே பக்கத்தைத்தான் காட்டுகிறாள். புதிதாக எழுதுவதில்லை.

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அம்மா உன்னைத் திட்டி அனுப்பிய குரல் செய்தி உன் பழைய போனில் இருந்தது. அந்தப் போனை விற்றுவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தெரிந்துதான் கேட்கிறேன். விற்பதற்குமுன் அதை எங்கேயாவது எடுத்து வைத்தாயா? இல்லையென்றால் இல்லை என்று எழுதாதே. அங்கே மழையா வெயிலா என்று மட்டும் எழுது, நான் புரிந்துகொள்வேன்.

நீ பத்திரமாகக் கரை சேர வேண்டும். வரும்போது வாசலில் நின்று "அம்மா" என்று கத்தாதே, அண்ணா. நேராக உள்ளே வந்துவிடு.

உன் அன்புத் தங்கை,
பொடிசு