மாமாவின் விலா எலும்பு

ஜனவரி 6, திங்கள்
அடேயப்பா, என்னா எபிசோடு! செத்துப்போன ஆளோட நெஞ்சை டாக்டர் நாலே தடவை அமுக்கினாரு, கண்ணைத் தொறந்து "அம்மா எங்கே?"ங்கிறான். நானும் மாமியாரும் கையே தட்டிட்டோம். துபாய்லேருந்து போன்ல என் வூட்டுக்காரர் காமில் மச்சானுக்குக் கிண்டல்: "என்ன டாக்டரம்மா, லெப்பைக்குடிக்காட்டுல எப்ப ஆஸ்பத்திரி தொறக்கப் போறே?" சிரிக்கட்டும். எனக்கு எல்லாம் அத்துப்படி!

ஜனவரி 7
கரண்ட் இல்லை. எபிசோடு போச்சு. எரிச்சல்.

ஜனவரி 9, வியாழன்
இன்னைக்கு நடந்ததை எழுதியே ஆகணும்.

மதியம் லுஹர் தொழுதுட்டு வந்து கட்டில்ல உக்காந்த மாமா, என் மாமனார், அப்படியே சாஞ்சிட்டாரு. மூச்சு இல்லை. ஓடிப்போய், டிவியில வர்ற மாதிரியே முழங்கையை மடக்கிப் பதமா அமுக்குறேன் — மெத்தைதான் அமுங்குது. நாலு ஆச்சு, பத்து ஆச்சு. யா அல்லாஹ், ஏன் கண்ணைத் தொறக்கலை?

மாமி 108க்குப் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாங்க. அந்தப் பொண்ணு அதட்டினா: "தரையில படுக்க வைங்க! கையை நேரா வெச்சு பலமா அமுக்குங்க, நிறுத்தாதீங்க!" இழுத்துப் போட்டு அமுக்கினேன். நெஞ்சுக்குள்ள படக்குன்னு ஒரு சத்தம்.

"அடியே அஃப்ரின், எலும்பை உடைச்சுட்டியேடி! வுடுடி அவரை!" மாமி என் தோளைப் புடிச்சு இழுத்தாங்க. வுடலை. கையைத் தட்டிவிட்டுட்டு அமுக்கிக்கிட்டே இருந்தேன். ஆம்புலன்ஸ்காரங்க வந்து ஷாக் வெச்சாங்க. நாடி வந்துச்சு. வந்துச்சு!

ஜனவரி 11
பெரம்பலூர் ஆஸ்பத்திரி. மாமா இன்னும் கண்ணைத் தொறக்கலை. மாமி என்கூடப் பேசலை. "டிவியைப் பார்த்துட்டு என் ஆளை நசுக்கிட்டா"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. நான் செஞ்சது தப்பா?

ஜனவரி 12
தொறந்துட்டாரு!! அல்ஹம்துலில்லாஹ்! முதல் பேச்சே, "நெஞ்சு வலிக்குது, எவன் மிதிச்சான்?" டாக்டர் சிரிச்சுட்டாரு. "ரெண்டு விலா எலும்புல விரிசல், ஆறிடும். அமுக்கலைன்னா ஆளே இல்லை." நான் குதிக்காத குறைதான்! மாமி மட்டும் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

ஜனவரி 21
மாமா வூட்டுக்கு வந்து மூணு நாளாச்சு. இன்னைக்கு மதியம் அவரு தூங்கினதும் மாமி கதவைச் சாத்தினாங்க. தலையணையை எடுத்துத் தரையில போட்டாங்க.

"காட்டு. அன்னைக்கு நீ உன் அம்மா வூட்டுக்குப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

கையைப் புடிச்சு வெச்சுக் காட்டினேன். மெதுவா அமுக்கினாங்க.

"இன்னும் பலமா, மாமி."

"உடைஞ்சிடாதா?"

"உடையட்டும், மாமி."

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சாங்க — ஒண்ணு, ரெண்டு, மூணு.