வாயே திறக்காத வசனம்

என் செல்ல நைனா,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. சித்தூர் சினிமாக் கொட்டகையில் நீ பேசிய வசனம் நேற்று நம் வீட்டுக் கூடத்தில் திரும்பக் கேட்டது. அதைச் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

உனக்கு மறந்திருக்காது. எல்லை பிரித்த சமயம் அது. அம்மா பிறந்த திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நம் புத்தூர் ஆந்திராவில் நின்றது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நீ, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல், ஆந்திராவிலேயே வேலை வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது.

சமாதானம் செய்ய நீ பிடித்த வழி, எங்களைச் சித்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டிய இங்கிலீஷ் சிரிப்புப் படம்! நிஜத்திலும் புருஷன் பெண்டாட்டியான அந்த வெள்ளைக்கார ஜோடி என்றால் உனக்கு உயிர்.

"சண்ட போட்டுக்கினே கோட்ட நீட்றான் பாரு. அவ திரும்பிக்கூட பாக்கல, கை சரியா நொழையுது. கூட வாழ்ந்தவங்களுக்குத்தான் அது வரும்" என்றாய்.

நான் உங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு நீ தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். திடீரென்று, "பொண்டாட்டி சொல்றா, நீங்க எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கந்தான்னு" என்று ஒரு போடு போட்டாய்.

"அவ வாயே தொறக்கலியே!" என்றாள் அம்மா. பத்து நாள் கழித்து அவள் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை. "அவ வாயில ஏன் போட்றீங்க? சொல்றத நீங்க சொல்லுங்க."

நீ தொண்டையைச் செருமிக்கொண்டாய். "உன்னக் கேக்காம எழுதிக் குடுத்தது தப்புதான்."

"யோவ், படம் பாக்க வுடுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அம்மா சிரித்துவிட்டாள். இன்றுவரை புத்தூரில்தான் இருக்கிறாள். திருத்தணிக்குப் போகலாமா என்று அப்புறமாவது அவளைக் கேட்டாயா, நைனா?

உன் மருமகனும் உனக்குச் சளைத்தவரில்லை. பலமனேருக்கு மாற்றல் என்றதும், என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கும் இங்கே புத்தூரில் வேலை இருக்கிறதே? பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. நேற்று அவர் வந்தார். இரண்டு பேரும் ஊமைச்சாமியாக உட்கார்ந்திருந்தோம். மனசுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

டிவியில் உன் வெள்ளைக்கார ஜோடியின் படம். அந்தப் புருஷன் வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டு நின்றான். அம்மா ஆரம்பித்தாள்: "அவன் சொல்றான், உன்னக் கேக்காம ஒத்துக்கினது தப்புதான்னு."

இவர் சிரித்துவிட்டார். "அத்த, அவன் வாயே தொறக்கலியே!"

"தெரியுதில்ல? அப்ப நீங்க தொறங்க, மாப்ள."

திறந்தார், நைனா. நானும் திறந்தேன். பலமனேரா புத்தூரா என்று இன்னும் முடிவாகவில்லை, விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். காப்பியை நீட்டினால் என் முகத்தைப் பார்க்காமலே சரியாக வாங்கிக்கொள்கிறார், கோபம் வந்தாலும் சிரிப்பு வருகிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்க மாட்டேன். என் வசனத்தை நானே பேசுவேன். இன்று மாலை அம்மாவிடமும் கேட்கப்போகிறேன், திருத்தணிக்குப் போகலாமா என்று. அது நீ பாக்கி வைத்த வசனம்.

உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து படம் பார்த்த,
உன் மகள்