பூக்கும்வரை பதினொரு தொட்டிகள்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம்தான். என் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

பயப்படாதே, போன வாரம் பண்ணையில் தொட்டிகள் அடுக்கிய தட்டோடு இடறி விழுந்தேன். எனக்குக் கீறல்கூட இல்லை. நாற்பது தொட்டிகளின் பெயரட்டைகள்தான் சிதறிவிட்டன. பூ செருப்பு மாதிரி இருக்குமே, அந்த ஆர்க்கிட். இரண்டு இனம், இலை அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். இலைக்கு அடியில் ஊதாப்புள்ளி தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து இருபத்தொன்பதைப் பிரித்துவிட்டேன். கண் எரிகிறது. மீதிப் பதினொன்றில் புள்ளி தெளிவாக இல்லை, உயிரை வாங்குகிறது. பூவின் நடுவே பொட்டு மாதிரி ஒன்று இருக்கும், அதன் வடிவத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

"பூக்க ஒரு வருஷம் ஆகும். கொட்டினவனே இருந்து பிரிச்சுக் குடுத்துட்டு ஊருக்குப் போ" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் நான் வர முடியாது என்று பாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அவளுக்குச் செருப்பு வாங்கி அனுப்புகிறேன். பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. நான் கிளம்பும்போது நீ வரைந்து தந்த பாதம் என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, அதை வைத்து இப்போது வாங்க முடியாது.

மணி அடித்துவிட்டது, போகிறேன். அளவுக்கு ஒரு கால் போதும். இருந்தாலும் இரண்டையும் வரைந்து அனுப்பு.

பாப்பா அப்பா